மகோகனி வரிசையும் நான் மூடிய கானும்

கோபி,

போன வெள்ளிக்கிழமை நான் போனில் அழுததைக் கேட்டு நீ பயந்துவிட்டாய். "வேலை முடிஞ்சது எண்டு கவலைப்படாதேங்கோ அம்மா, ரிக்கெற் போடுறன், இஞ்ச மெல்பேர்ணுக்கு வந்து கொஞ்ச நாள் இருங்கோ" என்றாய். பிறகு அப்பாவுக்குத் தனியாக எடுத்து, "அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டாயாம். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை ராசா. பென்சன் எடுத்த கவலையும் இல்லை. இருபத்தாறு வருஷம் சுமந்த ஒன்று இறங்கினால் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தது அழுகை. போனில் சொல்லத் தொடங்கினால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நானும் எனக்கு வசதியான இடத்தில் கதையை நிறுத்திவிடுவேன். அப்படி நிறுத்தி நிறுத்தித்தான் இவ்வளவு காலமும் ஓடியது. ஆகவே எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. இது உன்னைப் பற்றிய கதையும்தான்.

நீ வளர்ந்த பார்க்கை உனக்குத் தெரியும், ஆனால் அது எப்படி நடக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளைக்காரக் காலத்தில் ஒரு துரையின் வளவாக இருந்த இடம் அது. பங்களா, குதிரைலாயம், குளம், வாசலிலிருந்து பங்களா வரைக்கும் இரண்டு பக்கமும் மகோகனி. சுதந்திரம் கிடைத்த பிறகு சனத்துக்கென்று திறந்துவிட்டார்கள். பங்களா பார்க்கைப் பராமரிக்கும் எங்கள் கந்தோர் ஆனது. நான் விவசாயப் பட்டத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது இருபத்தாறு வயது. அந்தக் கந்தோரில் மேசை கிடைத்த முதல் பெண் நான்தான். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, பொரளையில் இறங்கி நடந்து போவேன். பதினேழு மகோகனிகளுக்கும் நான்தான் சொந்தக்காரி என்ற மாதிரி ஒரு நடை. புல்லு வெட்டுவது, பூப்போடுவது, வாங்குகளுக்குப் பெயின்ற் அடிப்பது எல்லாம் எவருக்கும் வரும். பழைய வளவு ஒன்றைக் காப்பாற்றுவது வேறு வேலை. அங்கே ஒவ்வொரு கல்லையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக வைத்திருப்பார். அந்தக் காரணம் எங்கேயும் எழுதியிருக்காது. இதை நான் படிப்பில் படிக்கவில்லை, பிழைவிட்டுத்தான் படித்தேன்.

மரங்களின் ஓரமாக ஒரு கான் ஓடியது. செங்கல்லால் கட்டிய திறந்த கான், என் இடுப்பளவு ஆழம். மழை நாளில் வளவின் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு போய், மதிலுக்குக் கீழே நுழைந்து, பின்பக்கத்து ஆற்றுக்காலில் விழும். வெயில் நாளில் காய்ந்து கிடக்கும். பார்ப்பவர்களுக்கு அது ஒரு அசிங்கம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் தோட்டக்காரர்களுக்குத் தலைவர் சோமபால. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். களனிப் பக்கத்து ஆள். வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முந்தி, தன்னுடைய ஆட்களோடு அந்தக் கானுக்குள் இறங்கி இலை குப்பை எல்லாம் அள்ளுவார். நான் அவரை அண்ணன் முறையில் அய்யே என்று கூப்பிடுவேன், அவர் என்னை மிஸ் என்பார்.

உனக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை. உன்னைப் பார்த்துக்கொள்ளும் றோசக்கா கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டா. அப்பாவுக்கு வேலை. அரை நாள்தானே என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து மணிக்கு மழை பிடித்தது. நான் பங்களா விறாந்தையில் பூச்செடி கொண்டுவந்த ஆளோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டது ஒன்று, அவன் கொண்டுவந்தது வேறொன்று. நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாய். சண்டை முடிந்து திரும்பினேன், நீ இல்லை. கானுக்குள் ஒரு கபரகொயா, அதுதான் அந்தப் பெரிய நீர் உடும்பு, நீந்திப் போயிருக்கிறது. அதைப் பார்க்கக் குனிந்திருக்கிறாய். நான் கண்டது உன் சிவப்புச் சட்டை மட்டும்தான். தண்ணீர் அதை மதிலடி மடைக்கு இழுத்துக்கொண்டு போனது. நான் கத்தினேனா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. சோமபால கையில் இருந்த மண்வெட்டியை எறிந்துவிட்டு, மடைக்கு முன்னால் குதித்து, குறுக்கே நின்று உன்னைப் பிடித்தார். உன் புருவம் செங்கல்லில் கிழிந்திருந்தது. உன்னை என் கையில் தந்துவிட்டு, "பிள்ளைக்கு ஒண்டும் இல்லை மிஸ், தண்ணி கொஞ்சம் குடிச்சிட்டுது, அவ்வளவுதான்" என்றார். அவருடைய முழங்கால் இரண்டிலும் இரத்தம்.

உன் வலது புருவத்தில் இருக்கும் தழும்பு ஊஞ்சலில் விழுந்து வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னேன். பிள்ளையைக் கவனிக்கத் தெரியாதவள், வேலைக்குப் போய்ப் பிள்ளையைத் தண்ணீரில் விட்டவள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். அப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போய் முதல் வேலையாக அந்தக் கானை மூடச்சொல்லிக் கட்டளை எழுதினேன். காரணம்: பொதுமக்களின் பாதுகாப்பு. இரண்டு முனையிலும் சீமெந்து போட்டு அடைக்கவேண்டும், நடுவில் மண் நிரப்பிப் புல்லுப் பதிக்கவேண்டும். சோமபால கடதாசியைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சிங்களத்தில்தான் கதைத்தோம், உனக்குத் தமிழில் எழுதுகிறேன்.

"ஏபா மிஸ், வேண்டாம். பிள்ளை விழுந்தது எனக்கும்தான் நடுங்குது. மேல கம்பிவலை போடுவம். கானை மூடினா தண்ணி எங்க போகும்?"

"மண் குடிக்கும்."

"இந்த மண் குடிக்காது. கீழ எல்லாம் களி. இது முந்திச் சேத்து நிலம். இந்த மரங்கள் நிக்கிறதே அந்தக் கானாலதான்."

மற்ற ஆட்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அய்யே, நான் படிச்சிட்டுத்தான் வந்திருக்கிறன்" என்றேன். அவர் கடதாசியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாளில் வேலையை முடித்தார். அடைக்கிற சீமெந்தை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த மாதக் கடைசியில் அவர் இன்னொரு தரம் வந்து, புல்லில் தண்ணீர் தேங்குகிறது, மரங்களுக்கு நல்லதில்லை என்றார். அவருடைய முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்புச் சட்டைதான் தெரிந்தது. என்ன செய்தேன் தெரியுமா? சொன்னதைக் கேட்பதில்லை, ஆட்களுக்கு முன்னால் எதிர்த்துக் கதைக்கிறார் என்று எழுதி அவரைப் பொரளைக் கனத்தைக்கு மாற்றினேன். என் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தந்த மனுசனைச் சுடுகாட்டில் புல்லு வெட்ட அனுப்பினேன், கோபி. பென்சன் எடுக்கும் வரைக்கும் அவர் அங்கேயே இருந்தார். தலைவர் பதவியும் போனது. இதையும் எழுதிவிட்டேன்.

முதல் ஐந்து வருஷமும் ஒன்றும் தெரியவில்லை. அழகான புல்வெளி என்று வருகிறவர்கள் புகழ்ந்தார்கள். ஆறாம் வருஷம் நாலாவது மரத்தின் உச்சி காய்ந்தது. அடுத்த வருஷம் இன்னும் இரண்டு. மழை விட்டு மூன்று நாள் போனாலும் புல்லில் கால் வைத்தால் சளக் என்றது. எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. பங்களாவின் சுவர் அலுமாரியில் துணியில் ஒட்டிய பழைய வரைபடம் ஒன்று இருந்தது. மை மங்கிய நீலக் கோட்டில் அந்தக் கான் முழுவதும் கீறியிருந்தது. அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, என் கூறைச்சேலைக்குக் கீழே வைத்தேன். பிறகு இரண்டு தரம் வெளியிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். வாகனப் புகை என்றார்கள், பூஞ்சணம் என்றார்கள், வயது என்றார்கள். "பழைய பிளான் ஏதும் இருக்கா?" என்று இரண்டு தரமும் கேட்டார்கள். "இல்லை" என்று இரண்டு தரமும் சொன்னேன்.

நாட்டில் சண்டை நடந்த அந்தக் காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பார்க் வாசலிலேயே மணல்மூட்டை. காலையில் என் அடையாள அட்டையைப் பார்க்கும் சிப்பாய் நேற்றைக்கும் பார்த்தவன்தான், ஆனாலும் பார்ப்பான். ஒரு தமிழ்ப் பெண் அலுவலர் பிழை விட்டால் அதைப் பிழை என்று மட்டும் எடுக்கமாட்டார்கள் என்று பயந்தேன். அது பொய்ப் பயம் இல்லை. ஆனால் சண்டை முடிந்து மணல்மூட்டையை எடுத்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. ஆகவே பயத்தில் மட்டும் பழியைப் போட எனக்கு உரிமை இல்லை. மிச்சம் என்னுடைய பெருமை. உனக்குக் கீழே இப்போது பதினொரு பேர் வேலை செய்கிறார்கள் என்று சொன்னாய். பிழை விடாதே என்று நான் சொல்லமாட்டேன், அது நடக்காது. பிழையைச் சுட்டிக்காட்டுகிறவனைத் தூரத்துக்கு அனுப்பாதே. அவன் போன பிறகு அந்தப் பிழையோடு நீ மட்டும் தனியாக இருக்கவேண்டி வரும்.

நான் பென்சன் எடுக்க ஒன்றரை வருஷம் இருக்கும்போது காற்று மழையில் ஒரு காய்ந்த கிளை முறிந்து விழுந்தது. கீழே இருந்த வாங்கு இரண்டாகப் போனது. அதில் ஒருவரும் இருக்கவில்லை. எங்கள் டிரெக்டர் என்னை விடப் பத்து வயது இளையவர், எல்லாவற்றையும் கெதியாக முடிக்கிற ஆள். பதினேழு மரத்தையும் வெட்டி, அந்த இடத்தில் கொங்கிறீற் கல்லுப் பதித்து வாகனத் தரிப்பிடம் செய்வதாக முடிவெடுத்தார். மரங்களில் சிவப்புப் பெயின்றால் புள்ளடி போட்டார்கள். வெட்டுவதற்கு என் சிபாரிசுக் கடிதம் வேண்டும். புதன்கிழமை அந்தக் கடிதத்தை அடித்து என் மேசையில் வைத்தார்கள். ஒரு கையெழுத்துப் போட்டால் மரமும் போகும், கானும் போகும், என் பொய்யும் கொங்கிறீற்றுக்குக் கீழே போய்விடும். நான் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரலாம். உண்மையைச் சொல்கிறேன், பேனையைத் திறந்தேன். என் பேரின் முதல் எழுத்தையும் போட்டுவிட்டேன். பிறகு கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு, பஸ் எடுத்து வீட்டுக்கு வந்து, அலுமாரியைத் திறந்தேன்.

அப்பா கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வரைபடத்தை அவர் முன்னால் விரித்து வைத்து, சனிக்கிழமை மழையிலிருந்து தொடங்கி முழுவதும் சொன்னேன். ஊஞ்சல் இல்லை என்றும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்த மனுசனுக்கு நாங்கள் ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்கேல்லயே" என்றார். அது மட்டும்தான்.

அடுத்த நாள் வரைபடத்தோடு டிரெக்டரிடம் போனேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை?" என்றார்.

"பயம் சேர். பிறகு வெட்கம்."

"இனிச் சொல்லி என்ன? திங்கட்கிழமை ஆட்கள் மரம் அறுக்கிற வாளோடு வருகிறார்கள்."

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கானைத் திறந்து காட்டுறன் சேர். தண்ணி ஓடாவிட்டா நானே கையெழுத்துப் போடுறன்."

"இருபத்தைந்து வருஷ மண்ணை மூன்று நாளில் அள்ளுவீர்களா?" என்று கேட்டார். ஆனால் அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் நானும் களனிக்குப் போனோம். கனத்தைக் கந்தோரில் விலாசம் வாங்கியிருந்தேன். ஆற்றுப் பக்கமாக ஒரு சின்ன வீடு. சோமபால முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார், தலை முழுக்க நரை. என்னைக் கண்டதும் எழும்பினார். அவரே முதலில், "பொடி மாத்தயா கொஹொமத?" என்று கேட்டார். சின்னவர் எப்படி இருக்கிறார் என்று. உன்னைத்தான் கேட்டார், கோபி. நான் விறாந்தைப் படியில் இருந்து அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். கனத்தைக்கு அனுப்பியதற்கும், கேளாமல் விட்டதற்கும், ஒரு நன்றி சொல்லாததற்கும். "அந்த நேரம் எனக்குக் கோவம் இருந்தது மிஸ். நிறைய வருஷம் இருந்தது. இப்ப இல்லை" என்றார். மன்னித்துவிட்டேன் என்ற சொல்லை விட அது எனக்கு ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் அது உண்மை என்று தெரிந்தது.

வரைபடத்தைக் காட்டி, எங்கே தோண்டினால் கெதியாக மண் அள்ளலாம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். கடைவாய்ப் பல்லு இல்லை. "மண்ணை அள்ளத் தேவையில்லை மிஸ். நான் அதை நிரப்பேல்ல, மூடினனான்" என்றார். எனக்கு விளங்கவில்லை. பழைய குதிரைலாயத்தின் தரையில் பாவியிருந்த கருங்கல் பலகைகளை எடுத்து, கானுக்கு மேலே வரிசையாக அடுக்கி, அதற்கு மேலேதான் மண் போட்டுப் புல்லுப் பதித்திருக்கிறார். நான் சீமெந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. "மிஸ் ஒருநாள் திறக்கச் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன். சுணங்கிப் போச்சு" என்றார்.

சனிக்கிழமை அவர் வந்தார். தோண்டும் வேலையை இளம் ஆட்கள் செய்தார்கள், அவர் குடையைப் பிடித்துக்கொண்டு தடியால் இடம் காட்டினார். காட்டிய இடத்தில் ஒரு அடி தோண்டவும் அலவாங்கு கல்லில் பட்டு டங் என்றது. ஒரு பலகையைப் புரட்டிப் பார்த்தால் கீழே செங்கல் அப்படியே இருந்தது, முழங்கால் அளவுக்குக் கறுத்த தண்ணீர் அசையாமல் நின்றது. வெளியே விடுகிற முனையின் சீமெந்தை உடைக்க ஞாயிறு காலை ஒன்பது மணி ஆகிவிட்டது. உடைந்ததும் முதலில் ஒரு நாற்றம் வந்தது. பிறகு மெல்ல ஒரு சத்தம். பிறகு தண்ணீர் புரண்டு போகத் தொடங்கியது. டிரெக்டர் காரை விட்டு இறங்கி மழைக்குள் நின்று பார்த்தார். அரை மணித்தியாலமாகத் தண்ணீர் நிற்கவில்லை. சப்பாத்தெல்லாம் சேறு. போனை எடுத்து, "நாளைக்கு வரவேண்டாம்" என்று சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தரவேண்டி வரும்" என்றார். தந்தார். என் பைலில் இருக்கிறது. அதைவிடச் சந்தோஷமாக நான் ஒரு கடிதம் வாங்கியதில்லை.

எல்லா மரமும் பிழைக்கவில்லை. நாலு மரம் வேரோடு அழுகியிருந்தன, வெட்டினோம். அதற்கு நான்தான் காரணம், அதை ஒருவரும் மாற்ற முடியாது. அந்த இடங்களில் கன்றுகள் வைத்திருக்கிறோம். மிச்சப் பதின்மூன்றில் பன்னிரண்டு அடுத்த மாசியிலேயே துளிர்த்துவிட்டன. வாசலடி மரம் மட்டும் மொட்டையாகவே நின்றது. டிரெக்டர் இன்னொரு வருஷம் பார்ப்போம் என்றார். கானுக்கு மேலே இப்போது இரும்புக் கம்பிவலை, சோமபால முதல் நாள் கேட்டது போலவே. வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி வேலை நாள். தேத்தண்ணி, மாலை, பேச்சு எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தேன். பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தேன். உச்சியில், நான் கைவிட்டிருந்த கிளையில், தளிர் விட்டிருந்தது. செம்பு நிறம். நான் பிழையாகப் பார்க்கிறேனோ என்று வாசல் காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓம் மிஸ், ரெண்டு நாளா இருக்குது" என்றான். அந்த இடத்தில் நின்றுதான் உனக்குப் போன் எடுத்தேன்.

உனக்குக் கோபம் வரலாம். தழும்பைப் பற்றி இவ்வளவு காலம் பொய் சொன்னதற்கு வரத்தான் வேண்டும். வந்தால் எடுத்துத் திட்டு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அதற்கு முந்தி ஒரு காரியம் செய். வாற ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் சோமபால வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிறோம். ஒரு மணியிலிருந்து அங்கே நிற்போம், உனக்கு அது பின்னேரம். என் போனுக்கு எடு, நான் அவர் கையில் கொடுக்கிறேன். உன்னுடைய சிங்களம் கறள் பிடித்திருக்கும், பரவாயில்லை. நிறையக் கதைக்கத் தேவையில்லை. "மம தமய் ஏ லமயா" என்று சொல். நான்தான் அந்தப் பிள்ளை என்று. அது காணும்.

அம்மா